ஃபார்: கலங்கரை விளக்கம் முதல் ஜீப் விளக்கு வரை

பிரெஞ்சு மொழியில் கலங்கரை விளக்கத்துக்கும் மோட்டார் வண்டியின் முன்விளக்குக்கும் ஒரே பெயர்தான்: ‘ஃபார்’. எகிப்தில் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஃபாரோஸ் தீவில் பழங்காலத்தில் ஒரு விளக்குக் கோபுரம் நின்றது. அந்தத் தீவின் பெயரே சொல்லாயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, 1836-ல் கடற்கரையில் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் ஃபார்தான், தெருவில் போகும் காரின் விளக்கும் ஃபார்தான்.

இந்தச் சொல்லை நினைக்க வைத்தவன் என் தங்கை மகன். பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சீர்செய்து, தார் போடாத மலைத்தடங்களில் ஓட்டுகிறான். “மாமா, முன்னால் கூடுதலாக ரெண்டு விளக்கு வைக்கணும். கைக்கு அடக்கமான விலையில எது நல்லது?” என்று கேட்டான். நான் மெக்கானிக் அல்ல, ஓய்வு பெற்ற எழுத்தர். ஆனால் பழைய கோப்பைப் புரட்டாமல் புதுக் கோப்பில் குறிப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் உத்தியோகப் பழக்கம். ஆகவே விளக்கின் பழைய கோப்பைப் புரட்டினேன்.

முதல் தாள் ஒகுஸ்தேன் ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளருடையது. அவருக்கு முன்பு கலங்கரை விளக்கங்களில் எண்ணெய் விளக்குக்குப் பின்னால் உலோகக் கண்ணாடிகளை வைத்தார்கள். அவை ஒளியின் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். கனமான குவிகண்ணாடியை முன்னால் வைக்கலாம் என்றால், அந்த அளவில் அதைச் செய்வதும் தூக்கி நிறுத்துவதும் முடியாத காரியம். ஃப்ரெனெல் அதை வளைய வளையமாகப் பிரித்து, தடிமனைக் குறைத்து, ஒளியைத் திருப்பும் வளைவை மட்டும் வைத்துக்கொண்டார். 1823-ல் போர்தோவுக்கு அருகே கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது. எரிந்தது எண்ணெய்தான். ஆனால் வானத்துக்கும் தரைக்கும் வீணாய்ப் போன ஒளி இப்போது கடலை நோக்கிப் போயிற்று. ஃப்ரெனெல் 39 வயதில், 1827-ல் காலமானார்.

மோட்டார் வண்டி வந்தபோது அதன் முதல் விளக்குகளில் எண்ணெயும் அசிட்டிலீன் வாயுவும் எரிந்தன. கார்பைடு கட்டியில் தண்ணீர் சொட்டினால் எழும் வாயு அது. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். 1909-ல் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோ, அந்த விமானங்களுக்கான பணத்தைக் கார்களுக்கான அசிட்டிலீன் விளக்குத் தொழிலில்தான் சம்பாதித்தார். 1912-ல் அமெரிக்காவின் கேடிலாக் கார் மின்விளக்கோடும் மின்சார ஸ்டார்ட்டரோடும் வந்தது. அதன்பின் மின்சாரத்தின் காலம்.

வெளிச்சம் கூடியதும் எதிரே வருபவரின் கண் கூசியது. இதற்கு பிரான்ஸ் கண்ட தீர்வு வேடிக்கையானது. 1930-களின் பிற்பகுதியில், எல்லா வண்டிகளின் முன்விளக்கும் மஞ்சள் ஒளி தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மஞ்சளில் கூச்சம் குறையும் என்பது நிபுணர்களின் கருத்து. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தா பெரியவர்கள் வேறு கதை சொல்வார்கள்: “போரில் நம்ம வண்டி எது, ஜெர்மன்காரன் வண்டி எதுன்னு இருட்டில் தெரியத்தான் மஞ்சள்.” கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் சட்டத்தின் நோக்கம் கண் கூச்சம்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்சின் சாலைகள் இரவில் மஞ்சளாகவே இருந்தன. ஐரோப்பிய விதிகளோடு ஒத்துப்போக, 1993 ஜனவரி முதல் புது வண்டிகளுக்கு வெள்ளை விளக்கு வந்தது. மஞ்சளால் பெரிய நன்மை இருந்ததாகப் பிற்கால ஆய்வுகள் காட்டவில்லை. மஞ்சள் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைத் தடுத்ததால் கிடைத்த குறைவே கூச்சத்தைக் கொஞ்சம் தணித்தது என்றும் சொல்லலாம்.

மஞ்சள் பனிமூட்டத்தைத் துளைக்கும் என்ற நம்பிக்கை இன்றும் கடைக்காரர் வாயில் இருக்கிறது. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியலையைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடிக்கும். பனியில் உதவுவது நிறமல்ல, விளக்கு தாழ்வாக இருப்பதும் அதன் கற்றை மேலே எழாமல் வெட்டப்பட்டிருப்பதும்தான். பிரெஞ்சில் இந்த விளக்கு ‘ஆந்திபுருயார்’, பனிமூட்ட எதிர்ப்பு விளக்கு. தொலைவுக்கு ஒடுங்கிய கற்றையை வீசுவது ‘லோங் போர்த்தே’, நெடுந்தொலைவு விளக்கு. இரண்டுக்கும் வேலை வேறு.

1962-ல் ஐரோப்பிய நிறுவனங்கள் ஹெச்1 என்ற ஹாலஜன் பல்பைக் கொண்டுவந்தன. 55 வாட் மின்சாரத்தில் சுமார் 1,500 லூமென் ஒளி. சிபியே, மார்ஷல் போன்ற பிரெஞ்சு நிறுவனங்கள் செய்த வட்ட விளக்குகள் ராலி வண்டிகளின் முகத்தில் வரிசையாய் நின்றன. 1978 டிசம்பர் 26-ல் பாரீசிலிருந்து தக்கார் நோக்கி முதல் ராலி கிளம்பிய காலம் அது. அடுத்து எல்.இ.டி. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பூச்சைச் சேர்த்துத்தான் வெள்ளை ஒளி செய்கிறார்கள்.

இத்தனை தாளையும் புரட்டிவிட்டு மருமகனுக்கு எழுதிய குறிப்பு இது.

ஒன்று, பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பாதே. 180 வாட் என்று போட்டிருந்தால், 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல். 4 ஆம்பியர் காட்டினால் அது 48 வாட் விளக்குதான்.

இரண்டு, வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கண்ணாடியில் பதிந்திருக்கிறதா பார். எண் 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ். அந்த நாட்டில் சோதித்து ஏற்ற விளக்கு என்று பொருள்.

மூன்று, நீர் புகாமைக்கு ஐ.பி.67 என்ற குறி போதும். தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும்.

நான்கு, கூரையில் வைக்காதே. பானெட்டில் பட்டு உன் கண்ணையே கூசும், தூசியில் வெள்ளைச் சுவராய் நிற்கும். மெதுவாக ஏறும் தடத்துக்கு பம்பரில் தாழ்வாக, அகலக் கற்றை விளக்கு ஒரு ஜோடி போதும்.

ஐந்து, விளக்கில் மிச்சம் பிடித்த பணத்தை ரிலேக்கும் ஃபியூசுக்கும் தடித்த ஒயருக்கும் செலவழி. 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். பழைய ஜீப்பின் சுவிட்ச் அதைத் தாங்காமல் சூடேறும். சார்ஜ் குறைவான வண்டியானால் சிறிய எல்.இ.டி. ஜோடியே மேல்.

கடைசியாக, தடம் முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் அந்த விளக்கை அணைத்து உறை மாட்டு. எதிரே சைக்கிளில் வரும் ஒரு பெரியவர், உன் விளக்கால் கண் இருண்டு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கினால், அதை நீ கண்ணாடியில்கூடப் பார்க்கமாட்டாய்.