குரல் முந்தியதா, இதழ் முந்தியதா?



உயிரற்ற உருவத்தைப் பேசவைக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. இன்று அந்த ஆசை பாடசாலை வாயிலுக்கும் வந்துவிட்டது. கணினித் திரையில் ஒரு சித்திரப் பாத்திரம் தோன்றி வாயசைத்துப் பாடம் சொல்கிறது. அதற்குக் குரல் தரும் மென்பொருள் ஒன்று. அக்குரலுக்கு ஏற்ப இதழ்களை அசைக்கும் மென்பொருள் வேறொன்று. இவற்றுள் எவற்றைத் தேர்ந்து கொள்வது என்ற கேள்வி கினிகத்தேனை போன்ற மலையக ஊர்களின் ஆசிரியர்களுக்கும் உரியதே. விடை காண வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தை எண்ணிப் பாருங்கள். திரைக்குப் பின்னிருக்கும் கலைஞர் ஒருவரே அரசனாகவும் அரசியாகவும் கோமாளியாகவும் குரலை மாற்றிப் பேசுவார். பாவையின் இதழ் அசைவதில்லை. தலையும் கையுமே அசையும். ஆயினும் பாவை பேசியதாகவே மக்கள் கொண்டனர். வானொலி நாடகத்திலோ இதழே இல்லை. குரல் ஒன்றே முழு மனிதனையும் நம் கண்முன் நிறுத்துகிறது.

ஐரோப்பாவில் வொல்ப்காங் வொன் கெம்ப்லன் என்பவர் துருத்தி, நாக்குத் தகடு, செயற்கை வாய் ஆகியவற்றைக் கொண்டு பேசும் பொறி ஒன்றைச் செய்து, 1791இல் அதனைப் பற்றி நூலும் வெளியிட்டார். 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வுகூடத்தின் ‘வோடர்’ என்னும் மின்பொறி பேசிற்று. நீண்ட பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளை அழுத்தியே அதனைப் பேசவைத்தனர்.

தமிழ்த் திரையின் கதை இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் காலத்தில் நடிகரே பேசினார், நடிகரே பாடினார். 1938இல் மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் குரல் மற்றொருவர் வாயசைவோடு பொருத்தப்பட்டது. காலப்போக்கில் பாடலை முதலில் ஒலிப்பதிவு செய்து, நடிகர் அதற்கேற்ப வாயசைக்கும் வழக்கம் நிலைபெற்றது. 1944இல், கன்னட ‘அரிச்சந்திரா’ தமிழ்க் குரல் பெற்று வந்தபோது, மொழிமாற்றுப் படம் என்னும் புது வகை பிறந்தது.

இவ்விரு வழிகளின் வேறுபாட்டைக் கவனியுங்கள். பின்னணிப் பாடலில் குரல் முன்னே சென்றது. இதழ் அதனைத் தொடர்ந்தது. மொழிமாற்றுப் படத்தில் இதழ் முன்னே நின்றது. தமிழ் அதற்கேற்ப வளைய வேண்டியதாயிற்று. வாயசைவின் அளவுக்காகச் சொல்லை நீட்டுவதும் குறுக்குவதும் அங்கே தவிர்க்க முடியாதனவாயின. குரல் முந்திச் சென்ற இடத்தில் மொழி நிமிர்ந்து நின்றது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

அமெரிக்கச் சித்திரக் கூடங்களும் குரலை முதலில் பதிந்து, அதனைக் கேட்டே இதழ்களை வரைந்தன. ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ போன்ற தொடர்களை ஆக்கிய ஹன்னா–பார்பெரா கூடத்தினர் ஆறே வாய் வடிவங்களைக் கொண்டு பேச்சைக் காட்டினர். இன்று இலவசமாகக் கிடைக்கும் ‘ருபார்ப்’ என்னும் இதழ் ஒத்திசைவு மென்பொருளும் அந்த ஆறையே அடிப்படையாகக் கொண்டு, வேண்டுமாயின் மேலும் மூன்றைச் சேர்த்துக்கொள்கிறது.

இது நமக்குப் புதிய அறிவன்று. பகரமும் மகரமும் இரு இதழும் பொருந்துவதால் பிறக்கும், வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறக்கும், உகரமும் ஒகரமும் இதழ் குவிவதால் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைத்துள்ளது. மூடிய வாய், பல் பட்ட இதழ், குவிந்த இதழ் ஆகிய மூன்றும் அம்மென்பொருளின் வடிவங்களிலும் உள்ளன. எனவே இதழைப் பொறுத்தவரை தமிழுக்குப் பெருங்குறை நேராது. ஆங்கிலத்துக்குரிய அறிமுறையை விடுத்து, பிறமொழிகளுக்குரிய ஒலியறி முறையைத் தெரிவு செய்தாற் போதும்.

குறை நேரக்கூடிய இடம் குரலே. வலி, வளி, வழி என்னும் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். இதழ் அசைவில் வேற்றுமை தெரியாது, செவியே வேறுபடுத்தும். கல், பக்கம், தங்கம், பகல் என்னும் நான்கிலும் ககரம் ஒன்றே, ஒலியோ ஒன்றன்று. எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளை இச்சொற்களால் முதலில் சோதிக்க வேண்டும். பின்னர் ஆண்டுகளையும் எண்களையும், வட்டவளை, நோர்ட்டன்பிரிட்ஜ் போன்ற நம் ஊர்ப் பெயர்களையும் படிக்கச் செய்து கேட்க வேண்டும்.

தெரிவுகள் பல உள்ளன. ‘ஈஸ்பீக்’ இலவசமானது, சிறிய கணினியிலும் இயங்குவது, அதன் குரலோ இயந்திரத்தனமானது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னிலையில் உருவான தமிழ்க் குரல்கள் மனிதரின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டவை. மைக்ரோசொப்ட் நிறுவனம் இலங்கைத் தமிழுக்கெனக் குமார், சரண்யா என இரு குரல்களை வழங்குகிறது.

ஆயினும் தோட்டத்துப் பிள்ளையின் செவி பழகிய தமிழ் வேறு. அவன் வீட்டில் கேட்பது மலையகத்தின் பேச்சு. பாடப் புத்தகத்தில் காண்பது எழுத்துத் தமிழ். இவ்விரண்டுக்கும் அயலான மூன்றாவது ஓசையில் பாடம் வந்தால், தன் மொழியையே தாழ்ந்ததென்று அவன் எண்ணிவிடக்கூடும். இதழ் அழகாக அசைந்ததால் மட்டும் அந்தத் தீங்கு நீங்காது.

ஆகவே, பாடம் மாறாததாயின் ஆசிரியரின் குரலையே பதிந்து, இதழ் அசைவை மட்டும் மென்பொருளிடம் விடுவதே சிறந்தது. எங்கள் பகுதியின் அடைமழை தகரக் கூரையில் விழும் வேளையை மட்டும் தவிர்த்துக் கொள்ளுங்கள். இரைச்சல் புகுந்தால் இதழ் தடுமாறும். அறிவித்தல்கள் போல நாளுக்கு நாள் மாறுவனவற்றுக்கும், பார்வையற்ற மாணவரின் வாசிப்புக்கும் பொறியின் குரல் பேருதவியாகும். ஒருவர் குரலைப் பின்பற்றிப் பேசும் பொறிகளும் இன்று வந்துவிட்டமையால், குரலுக்குரியவரின் இசைவைப் பெறுவது கட்டாயக் கடமை.

பாவையை ஆட்டியவர் முதலில் குரலைப் பழகினார். பின்பே கயிற்றையும் கோலையும் தொட்டார். நாமும் அவ்வரிசையையே பின்பற்றுவோமாக.