மோட்டார் ஓடல, அண்ணாச்சி

கோவில்பட்டியில வாடகைக்கு வீடு பார்க்கப் போறவங்க முதல்ல கேட்கிற கேள்வி வாடகை எவ்வளவுங்கிறது இல்ல. "தண்ணி எப்படி?" இதுதான் முதல் கேள்வி. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வருகிற தாமிரபரணித் தண்ணீர், ஊரை எட்டுவதற்குள் கரிசல் காட்டைத் தாண்டி வர வேண்டும். வந்தாலும் தினமும் வராது. வருகிற அன்று தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் போர்த் தண்ணீர். அதற்கும் மோட்டார் வேண்டும். ஆக, இந்த ஊரில் ஒரு வீடு வீடாக இருப்பது சுவராலும் கூரையாலும் மட்டுமல்ல. அரை குதிரைசக்தி மோட்டார் ஒன்றாலும்தான்.

அந்த மோட்டார் ஒருநாள் நின்றுபோகிறது. அதற்குப் பிறகு நடக்கிற பேச்சு எந்த வளவுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அண்ணாச்சி, மோட்டார் ஓடல. காயில் கருகிட்டுன்னு சொல்லுதாங்க."

"நீங்க தொட்டியில தண்ணி இல்லாம ஓட விட்டிருப்பீக தம்பி."

"இல்ல அண்ணாச்சி, அது பழைய மோட்டாரு…"

"சரி, பாக்கச் சொல்லுதேன். அவசரம்னா நீங்களே செஞ்சுக்கிடுங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

அந்தப் 'பொறவு' என்ற சொல்லுக்குள் ஒரு நீண்ட சட்ட வரலாறு கிடக்கிறது. வாடகைக்கு விட்ட இடத்தில் ஒரு பொருள் பழுதானால் யார் சரிசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, 1882-இலிருந்து இன்றுவரை அரசு வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்கள் எப்படி மாறின, யாருக்குச் சாதகமாக மாறின என்று பார்த்தால், நம் வீட்டு மோட்டார் சண்டை கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

கமலைக்கும் ஒரு கணக்கு உண்டு

வீட்டு வாடகைக்கு முன்னால் நிலக் குத்தகை. கரிசல் என்பது அடிப்படையில் மானாவாரி பூமி. மழை பெய்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததற்கும் இந்தப் பருத்திதான் காரணம். கிணறு இருந்த தோட்டங்களில் மட்டும் கமலை ஓடியது. மாடு, வடம், தோல், உருளை. நாலில் எது கெட்டாலும் அன்றைக்கு இறவை கிடையாது. தண்ணீர் தூக்குகிற சாதனம் பழுதானால் பிழைப்பே நின்றுபோகும் என்பதை இந்த மண் மோட்டாருக்கு முன்பே அறிந்திருந்தது.

தண்ணீர் தூக்குவதற்கு விலை உண்டு என்பதைச் சட்டமும் ஒருமுறை ஒப்புக்கொண்டது. 1956-இல் சென்னை மாகாணத்தில் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் நியாய வாடகைச் சட்டம், நஞ்சை நிலத்துக்கு விளைச்சலில் 40 சதவீதம் குத்தகை என்று வைத்தது. இறைத்துப் பாய்ச்ச வேண்டியிருக்கிற நஞ்சைக்கு 35 சதவீதம். மற்ற நிலங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. நாற்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கிற அந்த 5 சதவீதம் என்ன? தண்ணீரைத் தூக்குகிற பாடு. நிலத்துக்காரர் தராத ஒன்றைக் குத்தகைக்காரர் தன் உழைப்பால் ஈடுசெய்தால், அது குத்தகையில் கழிய வேண்டும். எளிமையான நியாயம். நகரத்து வாடகை வீட்டுக்கு இந்த நியாயம் வந்து சேர்ந்ததா என்பதுதான் மீதிக் கதை.

1882: "கடமைப்பட்டிருந்தால்"

பாரதி எட்டயபுரத்தில் பிறந்த அதே 1882-இல்தான் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. அதன் 108-ஆம் பிரிவு, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. அதில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது: தான் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, சொல்லியும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல், "கடமைப்பட்ட" என்ற சொல்லில். எதற்கெல்லாம் அவர் கடமைப்பட்டவர்? சட்டம் பட்டியல் தரவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லையென்றால் பெரும்பாலும் இல்லை. இன்னொரு பக்கம், வாங்கியபோது இருந்த நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டியது குடியிருப்பவரின் பொறுப்பு, இயல்பான தேய்மானம் போக. வாய்ப்பேச்சில் வீடு பிடிக்கிற ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: இருக்கிறபடி இருந்துக்கோ.

போர் கொண்டுவந்த வாடகைச் சட்டம்

வாடகையில் அரசு கைவைத்தது ஏழைகள் மேல் இரக்கப்பட்டு அல்ல, போர் காரணமாக. 1915-இல் கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தொழிலாளர் குடியிருப்புகளில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்ற, மேரி பார்பர் போன்ற பெண்கள் வாடகை தர மறுத்துத் தெருவுக்கு வந்தார்கள். போர்க்கால உற்பத்தி நின்றுவிடும் என்று பயந்த பிரிட்டிஷ் அரசு, அந்த ஆண்டே வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தியது. 1918-இல் பம்பாய்க்கு அப்படியொரு சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கு இரண்டாம் உலகப் போர் வர வேண்டியிருந்தது. 1941-இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்த பிறகும் வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. 1946, 1949 என்று சட்டங்கள் தொடர்ந்து, கடைசியில் 1960-ஆம் ஆண்டின் 18-ஆவது சட்டமாக நிலைபெற்றது. ஐம்பத்தெட்டு வருஷத்துக்கும் மேல் தமிழ்நாட்டு வாடகை வீடுகளை ஆண்டது இந்தச் சட்டம்தான்.

நம் மோட்டாருக்கு இதில் மூன்று இடங்கள் முக்கியம்.

ஒன்று, 17-ஆம் பிரிவு. தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளைத் தக்க காரணமில்லாமல் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது.

இரண்டு, 22-ஆம் பிரிவு. சொல்லியும் பழுதுபார்க்காவிட்டால் குடியிருப்பவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு போடலாம். அவர் விசாரித்து, "நீயே செய்துகொள், வாடகையில் கழித்துக்கொள்" என்று உத்தரவிடலாம். ஆனால் ஒரு வருஷத்தில் கழிக்கிற தொகை, அந்த வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு மாத வாடகை. மாதம் 120 ரூபாய் வாடகை என்றால் வருஷத்துக்கு 120 ரூபாய்க்குள் எல்லாப் பழுதும் அடங்கிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது: முதல் அட்டவணை. நியாய வாடகையைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ள வேண்டிய வசதிகளின் பட்டியல் அது. குளிர்சாதனம், லிஃப்ட், மின்சார ஹீட்டர், ஃப்ரிட்ஜ், மொசைக் தரை, மேல்நிலைத் தொட்டி, தண்ணீர் ஏற்றும் மின்சார மோட்டார் எல்லாம் அதில் இருந்தன. 1973 திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்புகளுக்கு மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம் நியாய வாடகை. வசதிகளின் மதிப்பாக 15 சதவீதம் வரை சேர்க்கலாம். மனையும் கட்டடமும் ஒரு லட்சம் பெறும் என்றால், மோட்டார், தொட்டி, மொசைக் என்று அதிகபட்சம் 15,000 சேரும். அதற்காக மட்டும் வருஷத்துக்கு 1,350 ரூபாய் கூடுதல் வாடகை.

ஆக, மோட்டார் வீட்டுக்காரரின் முதலீடு, அதற்கு அவர் வாடகை வாங்குகிறார் என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. வாடகை வாங்குகிற பொருளை ஓட வைப்பது யார் பொறுப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

சட்டம் இருந்தது, மனு இல்லை

இந்தச் சட்டம் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்தியது. கோவில்பட்டி 1964-இல் நகராட்சி ஆனது. சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு 1882-தான் கதி. நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களும் எத்தனை பேர் ஒரு மோட்டாருக்காக முன்சீப் கோர்ட்டுப் படி ஏறியிருப்பார்கள்? ஒரு மாத வாடகை அளவுக்கான உத்தரவை வாங்க, வக்கீல் ஃபீஸும் வேலைக்குப் போகாத நாட்களும் அதைவிட அதிகமாகிவிடும். மனு போட்ட மறுவாரம், "சொந்த உபயோகத்துக்கு வீடு வேணும்" என்று எதிர்மனு வரலாம். சட்டத்தில் அதற்கும் இடமுண்டு.

வீட்டுக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். கோவில்பட்டி போன்ற ஊர்களில் வீட்டுக்காரர் என்றால் பங்களா முதலாளி மட்டுமல்ல. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வந்த பணத்தில் வளவில் ரெண்டு ரூம் இறக்கி, அந்த வாடகையில் மருந்து வாங்குகிறவரும் வீட்டுக்காரர்தான். நியாய வாடகை ஒருமுறை நிர்ணயமானால் விலைவாசியோடு தானாக ஏறாது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற செம்புக் கம்பியின் விலையோ நிற்காமல் ஏறும். வாடகை ஏறாத வீட்டில் காசு போட யாருக்கும் மனசு வராது. பழைய வாடகைக்காரர் தானாகவே கிளம்பட்டும் என்று பழுதைப் பழுதாகவே விட்டுவைப்பதும் நடந்தது.

சட்டத்துக்கும் காலத்துக்கும் இருந்த இந்த இடைவெளியை உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தொட்டது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேலுள்ள குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று ஒரு விதி இருந்தது. 1973-இல் 400 ரூபாய் பெரிய தொகை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது சாதாரண வாடகையாகிவிட்டது. 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எண்கள் மட்டும் உறைந்து நின்றால் நியாயமும் உறைந்துபோகும்.

2017: கீஸர் இடம் மாறியது

22 பிப்ரவரி 2019 அன்று பழைய சட்டம் போய், 2017-இல் நிறைவேற்றப்பட்ட புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை எவ்வளவு என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. நியாய வாடகைக் கணக்கு போயிற்று. அதோடு, வசதிகளுக்கு வாடகை சேர்த்த அந்தப் பழைய அட்டவணையும் போயிற்று.

பதிலாக வேறொரு அட்டவணை வந்தது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிற அட்டவணை. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின் வயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், கழிப்பறை, வாஷ்பேசின், கீஸர், சுவிட்ச், மின் சாதனங்கள் இதெல்லாம் குடியிருப்பவர் பக்கம்.

கட்டடப் பழுது வீட்டுக்காரருக்கு என்பது கரிசலில் சின்ன விஷயமில்லை. இந்த மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் சுவரும் கூடவே வெடிக்கும். அந்த விரிசலுக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்பது தெளிவு.

மோட்டார்? அட்டவணையில் பேர் சொல்லி இல்லை. "மின் சாதனம்" என்று எடுத்தால் செலவு குடியிருப்பவருக்கு. "தண்ணீர் என்ற அத்தியாவசிய சேவை" என்று எடுத்தால், அதை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. ஆனால் நிறுத்துவது வேறு, தானாக நின்றதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது வேறு. வேண்டுமென்று செய்வதைத் தடுக்கிற சட்டம், செய்யாமல் விடுவதை அவ்வளவு கவனிப்பதில்லை. 'பொறவு பாத்துக்கிடலாம்' என்ற வாக்கியம் குடியிருப்பது இந்தச் சந்தில்தான்.

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு வருஷத்துக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களில், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர், வெந்நீர் ஆகியவற்றுக்கான அமைப்புகளை ஓடுகிற நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை என்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதித் தப்பவும் முடியாது. அங்கே வெந்நீர்க் கொதிகலன் வீட்டுக்காரருடையது. இங்கே கீஸர் குடியிருப்பவருடையது.

வாய் திறக்க முடியாத வாடகைதாரர்

சட்டத்தை எல்லாம் படித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம். தெரிந்தவர்களும் ஏன் கேட்பதில்லை?

பதிந்த ஒப்பந்தம் பலரிடம் இல்லை. புதுச் சட்டத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் காரணங்களில் ஒன்று. அதனால், உரிமை கேட்டுப் போகிற இடத்திலேயே வீடு போய்விடுமோ என்ற பயம். மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று சட்டம் சொன்னாலும், அதைத் தாண்டிக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்குகிறவரை வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சாதி. "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வியைத் தாண்டி, நாலைந்து வீட்டு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, ஒருவழியாக ஒரு வீடு கிடைத்த குடும்பம் மோட்டாருக்காகச் சண்டை போடாது. கையிலிருந்து காசு போட்டுச் சரிசெய்யும். காசு இல்லையென்றால் குடம் எடுக்கும்.

மோட்டார் ஓடாத நாட்களில் அந்த மோட்டாராக ஓடுவது வீட்டுப் பெண்கள். தரைத்தொட்டியிலிருந்து இறைத்து மாடிக்குத் தூக்குவது, தெருக்குழாயில் வரிசையில் நிற்பது, தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் கொண்டுவருவது. தீப்பெட்டி ஆபீசில் அன்றைய கூலியை விட்டுவிட்டுச் செய்கிற வேலை அது. 1956-இல் தண்ணீர் இறைக்கிற பாட்டுக்கு 5 சதவீதம் கழித்துக்கொடுத்தது சட்டம். மாடிப்படியில் ஏறுகிற குடத்துக்கு அப்படி ஒரு சதவீதத்தை எந்த அட்டவணையிலும் பார்க்க முடியவில்லை.

இப்போதைக்குக் கையில் இருக்கிற வழி ஒன்று உண்டு. அட்டவணையில் சொன்னபடியோ, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடியோ பொறுப்பு பிரியும் என்கிறது புதுச் சட்டம். வீட்டுக்காரர் தன் பொறுப்பைச் செய்ய மறுத்தால், செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் அதில் வழி இருக்கிறது. ஆக, அடுத்த முறை வீடு பிடிக்கும்போது, தண்ணீர் எப்படி என்று கேட்ட கையோடு, பத்திரத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லலாம். "தண்ணீர் மோட்டார் பழுதானால் மூன்று நாளுக்குள் வீட்டு உரிமையாளர் சரிசெய்து தர வேண்டும்; தவறினால் வாடகைதாரர் செய்து, ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம்." அண்ணாச்சி கொஞ்சம் முகம் சுளிப்பார். சாவி கைக்கு வருவதற்கு முன்னால் சுளிப்பது பரவாயில்லை.