பழைய லேப்டாப் ஸ்லோவா இருக்கா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? 7, 8 வருடம் ஓடிய லேப்டாப் என்றாலே 'தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க' என்பார்கள். ஆனால் பல நேரம் பிரச்சினை பிராசஸரில் இல்லை, ஹார்டு டிஸ்க்கில்தான்.

முதலில் எதை மாற்றணும்?

ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல, ஒரு முனை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடுகிறது. விண்டோஸ் திறக்கும்போது ஏராளமான சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்க வேண்டும். நேரம் போவது அங்கேதான். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு சுமார் 100 எம்பி படித்தால், அதே இடத்தில் பொருந்தும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி படிக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் அடிக்கடி 100 சதவீதத்தைத் தொட்டால், முதல் செலவு இதற்குத்தான்.

ரேம்?

4 ஜிபி இருந்தால் 8 ஆக்கலாம். கடைக்குப் போகும் முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், ஒன்றும் செய்ய முடியாது.

விண்டோஸ் 10 வெச்சிருக்கவங்க என்ன செய்யணும்?

இதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. லேப்டாப் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாது. அதில் நெட் பேங்கிங் செய்வது ஆபத்து. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்கணும். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் நல்ல வழி. இலவசம், 4 ஜிபி ரேமிலும் ஓடும். இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். டேலி நம்பி இருக்கும் கடைக்காரர்களுக்கு மட்டும் இது சரிவராது.

எதைச் செய்தாலும் முதலில் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பி டச்பேட் தூக்கி நின்றால், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.