விமானத்தில் மதுவைத் தடை செய்ய வேண்டுமா? விதிகள் சொல்வது என்ன?

2022 நவம்பர் 26. நியூயார்க்கில் இருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்த பயணி ஒருவர் மூத்த பெண் பயணி மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. புகாரைச் சரியாகக் கையாளாததால் ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தலைமை விமானியின் உரிமமும் 3 மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 'பறக்கும்போது எதுக்கு சரக்கு?' என்ற கேள்வி அப்போது பலமாகவே கேட்டது.

இந்தியாவில் என்ன நிலை?

உள்நாட்டு விமானங்களில் மது கிடையாது. சென்னை - டெல்லி பயணம் என்றால் காபி, ஜூஸ்தான். வெளிநாட்டு விமானங்களில் மட்டுமே மது உண்டு. சவுதியா, குவைத் ஏர்வேஸ், ராயல் புருனே போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பயணத்திலும் மது தருவதில்லை.

சொந்த பாட்டிலைத் திறக்கலாமா?

கூடாது. அமெரிக்காவில், விமான நிறுவனம் பரிமாறாத மதுவை விமானத்தில் குடிப்பதே விதிமீறல். ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கியது என்றாலும் அப்படித்தான்.

உடம்புக்கு என்ன ஆகும்?

கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம், சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் குறையும். குடித்துவிட்டுத் தூங்கினால் இன்னும் குறைந்து, இதயத் துடிப்பு கூடுவதாக 2024-ல் வெளியான ஜெர்மனி ஆய்வு சொன்னது. இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு இது ஆபத்து.

தண்டனை என்ன?

டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி பறக்கத் தடை மூன்று வகை:

* வாய்த்தகராறு, போதையில் ரகளை: 3 மாதம் வரை
* கை வைத்தால், பாலியல் சீண்டல் செய்தால்: 6 மாதம் வரை
* உயிருக்கு ஆபத்தான செயல்: குறைந்தது 2 ஆண்டுகள்

முழுத் தடை தீர்வாகுமா?

பஸ் என்றால் நடுவழியில் இறக்கிவிடலாம், நடுவானில் முடியாது. ஒருவர் ரகளை செய்தால் மொத்த விமானமும் வேறு ஊரில் இறங்க நேரிடும். தடை கேட்பவர்களின் வாதம் இதுதான். ஆனால் பலர் விமான நிலைய பாரிலேயே குடித்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். விமானத்தில் மட்டும் தடுத்து என்ன பயன் என்பது எதிர்த்தரப்பு. ரயன்ஏர் நிறுவனம் 2024-ல், விமான நிலைய பார்களில் ஒருவருக்கு 2 டிரிங்க் மட்டும் என்ற வரம்பைக் கேட்டதும் இதனால்தான்.

பக்கத்து சீட்டில் தொல்லையா?

உடனே ஊழியரை அழையுங்கள். தலைமை விமானி தரும் புகாரைத்தான், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு விசாரித்து 30 நாளில் முடிவெடுக்கும். அதனால் 'இறங்கின பிறகு பாத்துக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள்.