புலம்பெயர் தொழிலாளர் மருத்துவ உரிமை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர் நோயில் விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது? இக்கேள்வியின் இருபுறமும் இவ்வட்டாரம் அறிந்தது. 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் பின்னர் ராமநாதபுரத்திலும் இருந்து, 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்த பகுதி இது. அந்தத் தென்சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போயிற்று. இன்று இங்குள்ள நூற்பாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து ஆள் வருகிறது.

தொடக்கத்தில் உரிமை என்று எதுவும் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்த காப்பித் தோட்டக் கூலிகள் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டனர். 1840-களில் 70,000 பேர் இறந்ததாகக் கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849-இல் எழுதியது. அத்தொகையை மிகை என்போரும் உண்டு, ஏற்போரும் உண்டு.

1872-இல் இலங்கை அரசு மருத்துவத் தேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டக்காரர் பொறுப்பில் மருத்துவ வசதி என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. 1912-இன் சட்டங்கள் அதை விரித்தன. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தரவேண்டும் என்பது அக்காலத் தோட்ட விதிகளில் ஒன்று. கூலிச் சட்டங்களின் கடுமைக்கு நடுவே இப்படியும் ஒரு விதி இருந்தது. எல்லாத் தோட்டங்களும் அதை மதித்தனவா என்பது வேறு.

பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் 1914-இல் வந்தபின் இலங்கைக்குப் போவோருக்கு மண்டபம் முகாமே முதன்மை வாசலாயிற்று. ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த, தோட்டத்தின் குறி பொறித்த சிறு தகரத் துண்டோடு ஆட்கள் அங்கே வந்திறங்கினர். எந்தத் தோட்டத்து ஆள், யார் கணக்கில் செலவு என்பதை அத்துண்டே சொல்லிவிடும். சில நாள் தங்கவைத்து அம்மை குத்தினர். பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தனர். தீவுக்குள் நோய் நுழையாமல் தடுப்பதே இதன் முதல் நோக்கம்.

1964-இன் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் குடிமக்களாகவே சிகிச்சை பெற்றனர்.

இங்குள்ள ஆலைத் தொழில் 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து பெருகியது. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் போகிறது. 1948-இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டம் தமிழ்நாட்டில் 1955-இல் கோவையில் நடைமுறைக்கு வந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு, எந்த மாநிலத்தவராயினும், இ.எஸ்.ஐ. திட்டத்தில் இடமுண்டு. சொந்த ஊரிலுள்ள குடும்பமும் அங்கேயே சிகிச்சை பெறலாம். 1979-இன் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இலவச மருத்துவத்தை ஒப்பந்தக்காரர் கடமையாக்கியது. ஆனால் அது ஒப்பந்தக்காரர் கூட்டிவந்தவருக்கே பொருந்தியது. தானாக ரயிலேறி வந்தவர் விடுபட்டார்.

1983-க்குப் பின் வந்த ஈழத்தமிழரில் முகாம்களில் இருப்போர் வருமான வரம்பின்றி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அதில் சேர வடமாநிலத்தவர் ஆறு மாதத்துக்கு மேல் இங்கு வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அடிக்கடி ஆலை மாறுபவருக்கு அந்தச் சான்றைப் பெறுவதே பெரும்பாடு. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சிகிச்சை கிடைக்கும்.

மாவட்டத்தில் அரசு மருத்துவ வசதியும் கூடியது: விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1979 சட்டத்தில் விடுபட்டவருக்கும் இப்போது இடமுண்டு: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வந்து மாதம் 18,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்கிறது.