வயிறு ஏன் தன்னையே ஜீரணிப்பதில்லை?
(டிரிப்சின் என்ற நொதியின் வரலாறு)

"ஆட்டுக்கறியையே ஜீரணிக்கிற வயிறு, தன்னை ஏன் சார் ஜீரணிக்க மாட்டேங்குது?"

விலங்கியல் வகுப்பில் ஜீரண மண்டலம் நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. வகுப்பே சிரிக்கும். "உட்காருப்பா, நல்ல கேள்விதான்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது உண்மையிலேயே நல்ல கேள்வி. அதற்கு விடை தேடவே மருத்துவ உலகத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

1772-ஆம் ஆண்டு, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஜான் ஹன்ட்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, சிலருடைய இரைப்பைச் சுவர் கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. நோயினால் வந்த ஓட்டை அல்ல. இறந்த பின் இரைப்பை நீரே சுவரைக் கரைத்துவிட்டது என்று அவர் கண்டார். சரி, உயிரோடு இருக்கும்வரை ஏன் கரைக்கவில்லை? உடலில் உள்ள உயிர்ச்சக்தி தடுக்கிறது என்றார் ஹன்ட்டர். நம் ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போனதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை!

இரைப்பைக்குக் கோழைப் படலம் என்ற கவசமாவது உண்டு. அதற்குப் பின்னால் படுத்திருக்கும் கணையத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. புரதத்தை வெட்டும் டிரிப்சின் அங்கேதான் தயாராகிறது. கணையமே புரதத்தால் ஆன உறுப்பு. வாளைச் செய்கிற கொல்லன் தானே வாளுக்கு இரையாகாமல் இருப்பது எப்படி?

பூட்டி வைத்த வாள்

கணைய நீர் புரதத்தைக் கரைக்கும் என்று 1857-இல் விளக்கமாக எழுதியவர் பிரெஞ்சு மருத்துவர் லூசியன் கொர்விசார். 1875-இல் பிரெஸ்லாவ் நகரில் (இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது) ருடால்ஃப் ஹைடன்ஹைன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அப்போதுதான் எடுத்த கணையத்தின் சாறு புரதத்தை ஒன்றும் செய்யவில்லை. அதையே சிறிது நேரம் வைத்திருந்து பார்த்தால் நன்றாக வேலை செய்கிறது! அப்படியானால் கணையத்தில் இருப்பது நொதி அல்ல, நொதியாக மாறக்கூடிய ஒரு மூலப்பொருள். அதற்கு ஸைமோஜன் என்று பெயர் வைத்தார். மறு ஆண்டு ஹைடெல்பெர்க் நகரின் வில்லி கூனே அந்த நொதிக்கு டிரிப்சின் என்று பெயர் சூட்டினார். 'என்சைம்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரும் இவரே.

வாள் உறையில் பூட்டியிருக்கிறது, சரி. சாவி எங்கே? 1899-இல் ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் ஷெபோவால்னிகோவ் என்ற மாணவர் அதைக் கண்டுபிடித்தார். கணைய நீரோடு சிறுகுடல் சாற்றைச் சேர்த்ததும் அதன் புரதம் கரைக்கும் சக்தி பல மடங்கு பெருகியது. என்டிரோகைனேஸ் என்ற அந்தக் குடல் நொதிதான் சாவி. பூட்டு ஒரு வீட்டில், சாவி அடுத்த வீட்டில்! இயற்கையின் ஏற்பாடு அப்படி.

1930-களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் நார்த்ராப்பும் மோசஸ் குனிட்ஸும் டிரிப்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். நொதி என்பது புரதமே என்பதை நிலைநாட்டிய ஆய்வுகளில் இதுவும் ஒன்று. நார்த்ராப்புக்கு 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிற்பாடு பூட்டின் அமைப்பும் தெரிந்தது. டிரிப்சின், புரதச் சங்கிலியில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்துத்தான் வெட்டும். அதன் மூலப்பொருளான டிரிப்சினோஜனின் முனையில் 8 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வால் இருக்கிறது. என்டிரோகைனேஸ் அந்த வாலை நறுக்கியதும் பூட்டு திறக்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அந்த வாலை டிரிப்சினாலும் வெட்ட முடியும். ஒரு திருடன் உள்ளே புகுந்துவிட்டால், மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவான் அல்லவா? அதனால் கணையம் மேலும் இரண்டு காவல்களை வைத்திருக்கிறது. ஒன்று, டிரிப்சினைப் பிடித்து அடக்கும் ஒரு சிறு புரதம்; 1948-இல் கஸால் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தனர். மற்றொன்று, ஒரு டிரிப்சின் இன்னொரு டிரிப்சினைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டிச் செயலிழக்கச் செய்வது.

பான்ட்டிங் மறந்த பாடம்

1920 அக்டோபரில் கனடா நாட்டு இளம் மருத்துவர் ஃபிரெடெரிக் பான்ட்டிங்குக்கு ஓர் யோசனை தோன்றியது. கணையத்திலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்க முயன்றவர்கள் தோற்றதற்குக் காரணம், அதன் ஜீரண நீர் அந்த மருந்தை அழித்துவிடுவதுதான் என்று நினைத்தார். எனவே நாயின் கணையக் குழாயைக் கட்டி, ஜீரண நீர் சுரக்கும் பகுதியை நலிய விட்டுச் சாறு எடுத்தார். ஆனால் புதிதாக எடுத்த கணையத்தில் டிரிப்சின் பூட்டிய நிலையில்தானே இருக்கிறது? ஹைடன்ஹைன் சொல்லி 45 ஆண்டுகள் ஆகியிருந்தன! கடைசியில் மாட்டின் முழுக் கணையத்தையே ஆல்கஹாலில் ஊறவைத்துத்தான் இன்சுலின் எடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு அது உயிர் கொடுத்தது. தவறான காரணத்தை நம்பிப் புறப்பட்டவர் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

பூட்டு உடைந்தால்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் காலத்தில் விடுதியில் ஒரு நண்பன் இருந்தான். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவான். வலி முதுகு வரை போகும் என்பான். "கேஸ் ட்ரபிள்டா, சோடா குடி" என்றோம். பரீட்சை சமயத்தில் வந்தபோது "பயம்" என்றோம். போய்ப் பார்த்த டாக்டரும் முதலில் கேட்டது, "குடிப்பியா?" என்றுதான். பீடிகூடப் பிடிக்காதவன் அவன். அவமானத்தில் அதன் பிறகு வலியை வெளியில் சொல்வதையே விட்டுவிட்டான். இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றது. கணையம் முழுக்கக் கல், சர்க்கரை நோயும் வந்துவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது.

கணையம் தன்னையே ஜீரணித்துக்கொள்கிறது என்று 1896-இலேயே பிராக் நகரின் ஹான்ஸ் கியாரி எழுதியிருந்தார். குடியும் பித்தக்கல்லும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்பது உண்மை. ஆனால் அவை மட்டுமே காரணமல்ல. 1952-இல் கம்ஃபர்ட், ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர்கள், ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் வருவதைக் காட்டினார்கள். 1996-இல் டேவிட் விட்கோம்ப் குழு அதன் காரணத்தைக் கண்டறிந்தது. டிரிப்சினோஜனில், இன்றைய எண்ணிக்கைப்படி 122-ஆம் இடத்தில், ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்தது. டிரிப்சின் இன்னொரு டிரிப்சினை வெட்டி அடக்கும் இடம் அதுதான். ஹிஸ்டிடின் வந்துவிட்டால் அங்கே வெட்ட முடியாது. ஒரு காவல் போயிற்று.

2000-இல் ஜெர்மனியின் ஹைகோ விட் குழு இரண்டாவது காவலைப் பார்த்தது. கஸால் பிரித்தெடுத்த அந்த அடக்கும் புரதத்தின் மரபணுவில், நாள்பட்ட கணைய நோய் கண்ட பல குழந்தைகளுக்கு மாற்றம் இருந்தது.

நம் பக்கத்துக் கதை இங்கேதான் சேர்கிறது. 1960-களிலிருந்து கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ், இளம் வயதிலேயே கணையக் கல்லும் சர்க்கரையும் வந்த ஏழை நோயாளிகளை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்தார். அவர்கள் அதிகம் உண்ட மரவள்ளிக்கிழங்கின் மேல் சந்தேகம் விழுந்தது. அதிலுள்ள சயனைடு காரணமாகலாம் என்று 1979-இல் ஒரு கருத்து வெளியானது. ஆனால் மரவள்ளி சாப்பிடாதவர்களுக்கும் இந்த நோய் வந்தது. 2002-இல் வெளியான இந்திய ஆய்வுகள், இந்நோயாளிகளில் கணிசமானோருக்கு அதே அடக்கும் புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டின. அந்த மாற்றம் ஆரோக்கியமாக இருப்பவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கும் உண்டு. ஆகவே அது மட்டுமே நோயைத் தந்துவிடாது. வேறு காரணங்களும் கூட வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். பிறக்கும்போதே வந்த ஒரு குறைக்கு நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இன்றைய மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. விடுதியில் யாராவது அடிக்கடி மேல் வயிறு வலிக்கிறது, முதுகுக்குப் பாய்கிறது என்றால் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எங்கள் காலத்தைவிட இன்று எவ்வளவோ எளிது. கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறவனைப் பார்த்தும் சிரிக்காதீர்கள்.

என் நண்பன் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு இன்றும் தன் ஊரில் கடை நடத்துகிறான். பட்டம் வாங்காததால் பழைய மாணவர் கூட்டத்துக்கு வரக் கூச்சப்படுகிறான். இந்த மலரில் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். "அன்னிக்கு நாங்க சொன்னது தப்புடா" என்று நேரில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்காவது அவனைக் கையைப் பிடித்து அழைத்து வருவேன்.