நைலான் மலையேறிய கதை

1924 ஜூனில் மலையேறிகளான மல்லோரியும் இர்வினும் எவரெஸ்டின் உச்சியை நோக்கிப் போனபோது நைலான் பிறந்திருக்கவில்லை. பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காக உடுத்தி, மேலே கபர்டின் அணிந்திருந்தார்கள். நூலை நெய்வதற்கு முன்பே தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பிறகு நெருக்கி நெய்த துணி அது. இங்கிலாந்தில் தாமஸ் பர்பெரி உருவாக்கியது. இருவரும் திரும்பி வரவில்லை. 1999இல் மல்லோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் உடுத்தியிருந்ததை ஆராய்ந்து, அதேபோல் தைத்து, 2006இல் எவரெஸ்ட் பகுதியில் அணிந்து பார்த்தார்கள். உடை இலேசாகவும், கை கால் அசைக்கத் தோதாகவும் இருந்தது. பழைய காலத்தவர் அறியாமையால் பாரம் சுமந்து ஏறினார்கள் என்று நாம் நினைப்பது சரியல்ல. தங்களுக்குக் கிடைத்த இழைகளை அவர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள்.

புதிய இழையான நைலான் மலையடிவாரத்திலிருந்து வரவில்லை. 1935 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் வில்மிங்டன் அருகே டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில், வாலஸ் கரோத்தர்ஸின் குழு அதை உருவாக்கியது. இரண்டே ஆண்டுகளில் கரோத்தர்ஸ் இறந்துவிட்டார். தன் இழை கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1940இல் பெண்களின் காலுறையாக அது விற்பனைக்கு வந்தது. அடுத்து போர். ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போகவே, பாராசூட்டுக்கு நைலானை எடுத்துக்கொண்டார்கள். பாராசூட்டில் சிறு கிழிசல் பெரிதானால் உயிர் போகும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் தடித்த நூலைச் சேர்த்துக் கட்டம் கட்டமாக நெய்தார்கள். கிழிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். இன்று பல டிரெக்கிங் பேன்ட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பொடிக் கட்டங்கள் தெரிகின்றனவே, அவை அங்கிருந்து வந்தவை.

போர் நடந்துகொண்டிருந்த 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். 1958இல் டூபாண்ட்டின் ஜோசப் ஷிவர்ஸ், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஸ்பான்டெக்ஸை உருவாக்கினார். நூற்றுக்குச் சில பங்கு அதைக் கலந்தாலே துணி முழங்காலோடு சேர்ந்து மடங்கும்.

இந்த இழைகள் மலையில் நிலைத்ததற்குப் பெரிய காரணம் தண்ணீர். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் ஏறத்தாழ 4. பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. ஜீன்ஸ் பருத்தித் துணிதான், தடிப்பானதும்கூட. சாரலில் நனைந்தால் கனத்து, தொடையில் ஒட்டி, நடக்க நடக்க உரசிப் புண்ணாக்கும். உலர மணிக்கணக்காகும், அதுவரை உடம்பின் சூட்டை உறிஞ்சும். கோடையில் கிளம்பினாலும் மலைமேல் காற்றும் மழையும் சேர்ந்தால் இது வெறும் அசௌகரியமாக நிற்காது, ஆபத்தாகிவிடும்.

துணிக்கு நிகராக வெட்டும் முக்கியம். இரண்டு காலும் கூடும் இடத்தில் நான்கு தையல் ஒரே புள்ளியில் சந்தித்தால், எட்டி வைக்கும்போது அங்கேதான் இழுக்கும், அங்கேதான் கிழியும். அந்த இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளியங்கிரியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழு மலை ஏறுகிறவர்களுக்கு இந்தத் துண்டு தேவைப்படுவதில்லை. அந்த உடையில் கால் எப்போதும் சுதந்திரமாக இருக்கிறது. தையற்காரர் அதே சுதந்திரத்தைத் துண்டு வைத்துக் கொண்டுவருகிறார். இடுப்புப் பட்டி தட்டையாக இருக்கவேண்டும். முதுகுப்பையின் இடுப்புவார் பெல்ட் கொக்கியின் மேல் அழுத்தினால் அரை நாளில் தோல் கன்றிவிடும். முழங்காலில் ஜிப் வைத்துக் கழற்றும் வகையைப் பலர் விரும்பி வாங்குகிறார்கள். என் எண்ணத்தில் அது வேண்டாம். ஏறும்போது மடங்கும் இடத்துக்கு அருகில் ஜிப் உரசும். அட்டை உள்ள காட்டில் பாதிக் காலைக் கழற்றவும் முடியாது.

குறையும் உண்டு. நைலான் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்பருகே உட்காரும்போது கவனம் வேண்டும். தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசும் ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாதவை; கலிபோர்னியாவில் 2025 முதல் துணிகளில் அவற்றுக்குத் தடை வந்திருக்கிறது. நாம் நடக்கும் வழியிலுள்ள சுனைகளிலேயே அந்த நஞ்சு சேர வேண்டாம். அவை இல்லாத பூச்சு என்று எழுதியிருந்தால் அதையே எடுங்கள்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றத் தடங்களைத் திறந்தது. முதல்முறையாக மலைக்குப் போகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: கடையில் கண்ணாடி முன் நின்று மட்டும் பேன்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு முழங்காலை இடுப்புயரம் தூக்குங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். எங்காவது இழுத்தால் வேறு வெட்டு கேளுங்கள். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.